தளர்ந்தாரை நிலைநிறுத்தல்

நற்காட்சிக்கு எட்டு அங்கங்கள் உண்டு என்பதை நம் இல்லத்துச் சிறு பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வர். ஐயமின்மையில் தொடங்கி, அறத்தை உலகறிய விளங்கச் செய்தலில் முடியும் அவ்வெட்டனுள் ஆறாவது ஸ்திதிகரணம் ஆகும். நன்னெறியில் நின்ற ஒருவர் ஏதோ ஒரு காரணத்தால் தளர்ந்து விலகும்போது, அவரை மீண்டும் அந்நெறியில் நிலைபெறச் செய்தல் என்பது அதன் பொருள். இது துறவறத்தாருக்கும் விரதம் ஏற்ற சிராவகருக்கும் மட்டுமே உரியது என்று நாம் பெரும்பாலும் எண்ணி வந்துள்ளோம். கல்லூரி வாயிலில் தயங்கி நிற்கும் ஒரு பதினெட்டு வயது இளைஞனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அண்மையில் நம் வட்டத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்வினாவை நம்முன் நிறுத்தியது. அதனை வாசகப் பெருமக்களோடு சேர்ந்து ஆராய விழைகிறோம்.

நிகழ்ந்தது இதுதான்

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் சில, தம்முள் சிறு தொகை சேர்த்து ஆண்டுதோறும் ஓரிரு மாணவரின் கல்லூரிச் செலவை ஏற்பது வழக்கம். 2023ஆம் ஆண்டு அவ்வுதவி ஓர் இளைஞனுக்குச் சென்றது. அவன் நம் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். அவனுடைய பாட்டனார் நம்மவர் ஒருவரின் நிலத்தில் உழைத்தவர். தந்தை ஊரைவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குச் சென்று, ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவர். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்த அவ்விளைஞன், அக்குடும்பத்தில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள். முதலாண்டுக் கட்டணம், புத்தகம், இரயில் பயணச்சீட்டு ஆகிய அனைத்துக்குமான பணத்தை ஒரே தவணையில் அவன் கையில் கொடுத்தோம். நிழற்படம் எடுத்துக்கொண்டோம். நம் கடமை நிறைவேறிற்று என்று எண்ணினோம்.

இரண்டாம் பருவம் தொடங்கிய சில வாரங்களில் அவன் கல்லூரிக்குச் செல்வதை நிறுத்திவிட்டான். அச்செய்தி நம்மை வந்தடைய நான்கு மாதங்கள் ஆயின.

புழல் ஆதிநாதர் ஆலயத்தில் தரிசனம் முடித்து அமர்ந்திருந்த ஒரு ஞாயிறன்று அது பேச்சுக்கு வந்தது. பெரியவர் ஒருவர் மனம் நொந்து கூறினார்: "பாத்திரம் அறிந்து கொடுக்க வேண்டும் என்று பெரியோர் சொன்னது இதற்காகத்தான். அபாத்திரத்தில் இட்டது களர்நிலத்தில் விதைத்ததாயிற்று. இனி நம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்போம். அவர்களிலும் தேவை உள்ளவர் இருக்கிறார்களே." அவர் கைச்சுருக்கம் உடையவர் அல்லர். சேர்ந்த தொகையில் பெரும்பங்கு அவருடையதே. ஆதலால் அவர் சொல்லை எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. அப்போது அங்கிருந்த ஓர் அம்மையார் இவ்வளவே கேட்டார்: "அவன் ஏன் நின்றான் என்று யாராவது போய்க் கேட்டோமா?"

யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நம்முள் இருவர் கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டனர்.

தொழிற்பேட்டையின் நிழலில்

புழலைத் தாண்டி வடக்கே செல்லும் நெடுஞ்சாலை செங்குன்றம், காரனோடை, கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டியை அடைந்து ஆந்திர எல்லையைத் தொடுகிறது. 1997இல் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி இது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொழிற்பேட்டை, தெற்கே ஆவடி என்று மாவட்டம் முழுவதும் ஆலைகள் நிறைந்துள்ளன. அவற்றின் இடையிடையே நெல்வயல்களும் ஏரிகளும் செங்கற்சூளைகளும் இருக்கின்றன. எல்லையோரச் சிற்றூர்களில் வீட்டு மொழி தெலுங்கு. சூளைகளிலும் வயல்களிலும் இருளர் குடும்பங்கள் பாடுபடுகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர். 1990 முதல் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருந்து வருகிறது. இவ்வனைவருடைய பிள்ளைகளும் கல்லூரிக்குச் செல்ல வேண்டியவர்களே.

கல்லூரிகள் இல்லாமல் இல்லை. பொன்னேரியிலும் திருத்தணியிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. மின்சார இரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சென்னையை அடையலாம். உதவிகளும் இல்லாமல் இல்லை. முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010 முதல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2020இல் ஒதுக்கப்பட்டது. 2021இல் அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. நடுவணரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் 18 முதல் 23 வயது வரையுள்ளோர் நூற்றுக்கு 47 பேர் என்னும் அளவில் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை இருந்தது. இந்திய அளவு 28.4 மட்டுமே. கதவு அகலத் திறந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இப்பகுதியில் கல்லூரிக்கு எதிரே இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனை ஒப்பந்தக்காரர் இன்று பார்த்தால் நாளை வேலைக்கு எடுத்துக்கொள்வார். வாரக் கடைசியில் கையில் பணம் இருக்கும். பெண் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஆலைப் பேருந்து ஊர் எல்லைக்கே வந்து நிற்கும். கல்லூரி கேட்பதோ மூன்று ஆண்டுகள். அதன் பயன் எப்போது வரும், எவ்வடிவில் வரும் என்று எடுத்துச் சொல்ல வீட்டில் முன்னே படித்தவர் எவரும் இலர். எனவே அப்பிள்ளைகளின் முன்னால் இருப்பது படிப்பா சோம்பலா என்னும் தேர்வன்று. தந்தையின் கடனை இன்றே தீர்ப்பதா, மூன்றாண்டு பொறுத்து அதனினும் பெரிதாக ஏதேனும் செய்வதா என்பதே அவர்கள் முன்னுள்ள தேர்வு. இரண்டும் அறமே. இதை உணராமல் படிப்பை விட்டவனைப் பொறுப்பற்றவன் என்று கூறிவிடுதல் நமக்கு எளிது; உண்மைக்கு அது வெகுதொலைவு.

அவன் ஏன் நின்றான்?

சென்றவர்கள் கேட்டறிந்து வந்தவை பெரிய செய்திகள் அல்ல. ஒவ்வொன்றும் சிறிதே.

தந்தைக்கு முதுகுவலி கண்டு சில வாரம் வேலைக்குப் போக இயலாத நிலையில், மகன் இரவு முறை வேலைக்குச் சென்றான். விடியலில் திரும்பி, குளித்து, இரயிலேறி, முதல் இரு வகுப்புகளிலும் உறங்கினான். பின்னர் அவ்விரு வகுப்புகளுக்கும் போகாமலிருந்தான். பள்ளியில் தமிழில் படித்தவனுக்குப் பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. முதற்பருவத் தேர்வில் இரு தாள்கள் தவறின. ‘அரியர்’ என்பது எல்லாக் கல்லூரிகளிலும் பலருக்கும் நேர்வது, அடுத்த முறை எழுதித் தேறிக்கொள்ளலாம் என்பதை அவன் அறியவில்லை. பள்ளியில் தவறுவதைப் போன்றே இதையும் கருதினான். அவனுக்குரிய அரசுக் கல்வி உதவித்தொகை வரவில்லை; வங்கிக் கணக்கோடு ஆதார் எண் இணைக்கப்படாததே காரணம். அறிவிப்புப் பலகையில் அவன் பெயருக்கு நேரே நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதனை இறுதித் தீர்ப்பாக அவன் கொண்டான். உதவித்தொகை நிலுவையில் உள்ளோரின் பெயர்கள் வகுப்பில் உரக்கப் படிக்கப்பட்டபோது, இதுவரை தன் சமூகத்தை அறியாதிருந்த நண்பர்கள் திரும்பிப் பார்த்ததாக அவன் கூறினான். வருகை 75 விழுக்காட்டிற்குக் கீழே சென்றது. சற்றே குறைந்தவர்கள் உரிய காரணம் காட்டி, கட்டணம் செலுத்தி விலக்குப் பெற விதியில் இடமுண்டு. அதுவும் அவனுக்குத் தெரியாது.

நம்மிடம் ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டபோது அவன் கூறிய விடை நம் நெஞ்சில் தைத்தது. "பணம் கொடுத்தவர்களிடம் போய்த் தவறிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?" நாம் கொடுத்த பணமே அவனுக்கும் நமக்கும் இடையே மதிலாக நின்றிருக்கிறது. உதவி பெற்றவன் என்பதாலேயே உதவி கேட்கக் கூசியிருக்கிறான்.

ஒரு குறிப்பேடு

இருவரும் அவனை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்றனர். அங்கே உதவித்தொகைக் கோப்புகளைக் கவனிக்கும் எழுத்தர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் அம்மையார், அவன் பெயரைக் கேட்டதும் மேசையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். முதலாண்டு மாணவருள் தொடர்ந்து வராதவர், சான்றிதழ் தராதவர், கணக்கு இணைக்காதவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இருந்தன. மதிய இடைவேளையில் அவர்களைத் தொலைபேசியில் அழைப்பது அவர் வழக்கமாம். எவரும் பணித்ததன்று. இவ்விளைஞனையும் இருமுறை அழைத்திருந்தார். கொடுத்திருந்த எண் தந்தையுடையது. அது செயலற்றுப் போயிருந்தது.

"மூன்று நாள் வராத பிள்ளை தானாகத் திரும்பி வரும். மூன்று வாரம் வராத பிள்ளையை யாராவது போய்த்தான் அழைத்து வர வேண்டும்" என்று அவர் கூறினார்.

வருகையைச் சற்றுக் கூட்டிப் போட இயலுமா என்று தந்தை தயக்கத்தோடு கேட்டார். இயலாது என்று அம்மையார் ஒரே சொல்லில் மறுத்தார். வராத நாள் வராத நாளே. அந்தப் பருவம் போனது போனதுதான். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் மீண்டும் சேரலாம், அதற்கு இன்ன விண்ணப்பம், இன்ன நாளுக்குள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். வங்கியில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதினார். அவருக்கு நன்றி கூறியபோது, "சம்பளம் வாங்குகிறேன், இதில் என்ன புண்ணியம்?" என்று சிரித்தார்.

அச்சிரிப்பில் ஓர் ஆழ்ந்த வினா இருக்கிறது. ஊதியத்துக்குச் செய்யும் பணி அறமாகுமா?

மசியும் அறமும்

கர்மபூமியின் தொடக்கத்தில் மக்கள் வாழ வகையறியாது நின்றபோது, ஆதிபகவன் அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை வகுத்தருளினார் என்பது நம் புராண மரபு. அவற்றுள் மசி என்பது மையும் எழுத்தும். இன்றைய சொல்லில் கூறினால் எழுத்தர் பணி. அதே பெருமான் தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். பெண்கல்வியும் எழுத்தர் தொழிலும் ஒரே திருக்கையிலிருந்து தோன்றியவை என்பது நம் மரபின் துணிபு. தொழில் என்று வகுத்தபோதே அதற்கு ஊதியம் உண்டு என்பதும் அடங்கிவிட்டது. ஊதியம் பெறுவதனால் தொழில் மாசுபடுவதில்லை. வினையின் தன்மையை முடிவு செய்வது பாவனையே என்றல்லவா நம் ஆசாரியர்கள் கூறினர்? ஒரே நாற்காலி, ஒரே சம்பளம். ஒருவர் விண்ணப்பத்தைத் திருப்பி எறிகிறார். மற்றொருவர் எங்கே பிழை என்று விரல் வைத்துக் காட்டுகிறார். ஊதியம் இருவர் கைக்கும் சமமாகவே போகிறது. உயிரோடு வரும் வினைப்பயன் அவ்வாறு சமமாக இருக்குமா?

தானம் நால்வகை என்பர்: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். கல்விக்குப் பணம் தருவதைச் சாத்திர தானம் என்று நாம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அவ்வம்மையார் தந்ததோ அபயம். அச்சம் நீங்கச் செய்தலே அபயம். முதல் தலைமுறையில் கல்லூரி புகும் பிள்ளைக்குப் பசியை விடப் பெரிய துன்பம் அச்சமே. தவறான வரிசையில் நின்றுவிடுவோமோ, தவறாகப் பேசிவிடுவோமோ, இது நம் இடமில்லையோ என்னும் அச்சம். அதனைப் பணத்தால் நீக்க இயலாது. "உட்கார், சொல்கிறேன்" என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

பாத்திரமும் அபாத்திரமும்

பெரியவர் எழுப்பிய வினாவுக்கு இனி வருவோம். பாத்திரம் அறிதல் நம் நூல்கள் கூறும் நெறியே. அதை மறுப்பார் இல்லை. ஆனால் அது முனிவர், விரதியர் முதலியோருக்குப் பக்தியோடு அளிக்கும் பாத்திர தானத்துக்கு உரிய இலக்கணம். துன்புற்ற உயிருக்கு இரக்கத்தால் அளிக்கும் கருணா தானத்துக்கு அத்தகைய சோதனை இல்லை. தாகத்தால் வாடுபவனிடம் உன் ஒழுக்கம் யாது என்று கேட்டுவிட்டு எவரும் நீர் வார்ப்பதில்லை.

ஐந்தாம் அங்கமாகிய உபகூகனத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் குறையைப் பலரறியப் பரப்பாது மறைத்து, தனியே திருத்துதல் அது. ஆலயத்து மணியைத் திருடி ஓடிய போலி விரதியைக் காவலர் துரத்தி வந்தபோது, அவனை ஊர்முன் இழிவுபடுத்தாமல் காத்துப் பின் தனியே கண்டித்து அனுப்பிய ஜினேந்திரபக்தர் அதற்கு எடுத்துக்காட்டு. திருடனுக்கே அந்நெறி என்றால், வங்கிக் கணக்கை இணைக்கத் தவறிய மாணவனின் பெயரை வகுப்பில் உரக்கப் படிப்பது எந்நெறி? பட்டியலைத் தனித்தனியே அழைத்துச் சொல்ல ஒரு மணி நேரம் கூடுதலாகும். ஒரு பிள்ளையின் மானத்துக்கு அந்த ஒரு மணி நேரம் மிகையன்று.

ஸ்திதிகரணத்துக்கு வாரிஷேணரைச் சான்று காட்டுவர். சிரேணிக மன்னனின் புதல்வராகிய அவர் துறவு பூண்டபோது அவருடைய நண்பனும் உடன் துறந்தான். ஆயினும் ஆண்டுகள் பன்னிரண்டு கடந்தும் அவன் மனம் வீட்டில் விட்டுவந்த மனைவியிடமே இருந்தது. வாரிஷேணர் அவனைக் கடிந்து விலக்கவில்லை. பிறரிடம் முறையிடவும் இல்லை. அவனைத் தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் விட்டு வந்தவை யாவை என்று காட்டினார். நண்பன் நாணித் தெளிந்தான். இக்கதையில் நாம் போற்ற வேண்டியது அவர் கூறிய அறிவுரையை அன்று. தளர்ந்தவனின் மனம் எங்கே சிக்கியிருக்கிறது என்று முதலில் அறிந்தார். பிறகு அவனோடு கூடவே நடந்தார். இவ்விரண்டும் இன்றி எவரையும் நிலைநிறுத்த இயலாது.

அநேகாந்தம் பேசும் நமக்கு இது விளங்காததன்று. வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று இருப்பது உண்மையே. ஆனால் அது ஒரு நயத்தால் பெற்ற உண்மை. இரவு முறை வேலை என்பது மற்றொரு நயம்; கூச்சம் என்பது இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே விதி என்பது நடுநிலைமையின் தொடக்கம். அவ்விதியை எல்லோரும் ஒருபோல் அறிந்திருக்கச் செய்யும்போதுதான் நடுநிலைமை முழுமை பெறும். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு விலக்கு விதியை வீட்டிலேயே சொல்லிவிடுவர். இவனுக்குச் சொல்ல அலுவலகத்து எழுத்தரைத் தவிர எவரும் இல்லை. அவர் சொல்லாவிட்டால், ஏட்டில் சமமாக இருக்கும் விதி வாழ்க்கையில் ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. இதற்காக விதியை வளைக்க வேண்டியதில்லை. அவ்வம்மையார் பதிவேட்டில் ஒரு புள்ளியையும் மாற்றவில்லை. வாய்மை விரதத்துக்கும் இரக்கத்துக்கும் அவரிடம் பகை இருக்கவில்லை.

நம் முன்னோர் செய்தது

இவை யாவும் நமக்குப் புதியனவோ எனின், அல்ல. வந்தவாசிப் பக்கத்து விடாலில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டினது. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரிடம் 500 மாணாக்கியர் பயின்றனர். அவர்களுக்கும் வேறு 400 தவப் பெண்டிருக்கும் பிணக்கு நேர்ந்தபோது, அவ்வூரார் குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் பாதுகாத்து உணவளிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றனர் என்று அக்கல் கூறுகிறது. உணவோடு காவலையும் சேர்த்து ஏற்ற அந்த ஊரார் நுட்பம் அறிந்தவர்கள். சோறு கொடுத்துவிட்டு, பிணக்கை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் போய்விடவில்லை.

அணிமைக் காலச் சான்றும் ஒன்று உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, சமண சமயச் செய்திகள் விளங்காமல் இடர்ப்பட்டார். அவ்வூரில் வாழ்ந்த நம்மவர் இல்லங்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலானோர் பல நாள் உடனிருந்து அவருடைய ஐயங்களைக் களைந்தனர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பெரும்புலமை வாய்ந்த ஒருவருக்கே, புதிய ஓர் உலகினுள் புகும்போது உள்ளிருந்து கைபிடித்து அழைக்க ஒருவர் வேண்டியிருந்தது. நம் முன்னோர் அன்று அவருக்குப் பணம் தரவில்லை, நேரம் தந்தனர். பிற சமயத்தவர் ஆயிற்றே என்று எண்ணியிருந்தால் தமிழுலகம் எத்துணை இழந்திருக்கும்!

இன்றும் இதனைச் செய்வோர் உண்டு. 1984இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இலங்கைத் தமிழர் முகாம்களில் மாலை நேர வகுப்புகளையும் உயர்கல்வி உதவியையும் நடத்தியது. போரில் வீட்டையும் ஆவணங்களையும் இழந்து வந்தவர்கள், தம் பிள்ளைகளைத் தாங்களே கைதூக்கிவிட முற்பட்டனர். இழந்தோரே இவ்வாறு செய்யும்போது, இருப்போராகிய நாம் செய்யத் தக்கது யாது?

நாம் செய்யக் கூடியது

நம் சமுதாயம் எண்ணிக்கையில் சிறியது. செல்வத்தாலும் பெரியதன்று. ஆயினும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், அரசு அலுவலர்கள் நம்மிடையே மிகுதி. விண்ணப்பம் எழுதவும், வட்டாட்சியர் அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லவும், இ-சேவை மையத்தில் உடன் நிற்கவும் அவர்கள் அறிவர். நம் தாய்மொழி தமிழ் என்று சொன்னால், ஜைனர் என்றால் வடநாட்டார் அல்லவா என்று கேட்கும் அலுவலகங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். சான்றிதழ் ஒன்றுக்காகத் திரும்பத் திரும்ப நடப்பது எத்தகையது என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, எந்த மாணவருக்கு உதவி அளித்தாலும், பணம் கொடுப்பவர் ஒருவர், உடன் நடப்பவர் ஒருவர் என இருவரை அமர்த்துக. உடன் நடப்பவர் முதற்பருவத்திலேயே நான்கு முறையேனும் அப்பிள்ளையைக் காண வேண்டும்; தொலைபேசி எண் இரண்டாவது பெற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, தொகையை ஒரே தவணையில் தந்துவிடாமல் பருவந்தோறும் தருக. அது கண்காணிப்பதற்காக அன்று. மீண்டும் ஒருமுறை சந்திப்பதற்காக. மூன்றாவது, கல்லூரி அலுவலகங்களிலும் விடுதிகளிலும் நூலகங்களிலும் பணிபுரியும் நம்மவர், தம் மேசைக்கு வரும் பிள்ளையின் பின்னே ஒரு குடும்பம் முழுவதும் நின்றுகொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைக்க.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்னும் கருத்துக்கு ஒரு சொல். உடன்அறத்தாரிடம் காட்டும் அன்பு வாத்ஸல்யம். அது ஏழாம் அங்கம். அதனை எவரும் குறைக்க வேண்டுவதில்லை. நம் சிற்றூர்களிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் செய்க. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எந்நூலும் கூறவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் நிலத்தில் உழைத்தவரின் பேரனை அயலான் என்று சொல்ல நமக்கு நாவெழலாமா?

அவ்விளைஞன் 2025 தொடக்கத்தில் விட்ட பருவத்திலேயே மீண்டும் சேர்ந்தான். ஓராண்டு இழப்பு இழப்பாகவே நின்றது. தவறிய தாள்களுள் ஒன்று தேறிவிட்டது, மற்றொன்று நிற்கிறது. வார இறுதிகளில் வேலைக்குப் போகிறான். பட்டம் பெறுவான் என்று இப்போதே உறுதி கூற நம்மால் இயலாது. நிலைநிறுத்தல் ஒருநாள் செயலன்று என்பதை மட்டும் கற்றுக்கொண்டோம்.

அன்று அபாத்திரம் என்று கூறிய பெரியவர் பின்னர் எந்த விவாதமும் செய்யவில்லை. அடுத்த கூட்டத்தில் உதவித்தொகைக் கணக்கேட்டைக் கேட்டு வாங்கினார். பெயர், தொகை, தேதி என்று மூன்று கட்டங்கள் இருந்த பக்கத்தில், அளவுகோல் வைத்து நான்காவது கோடு ஒன்று இழுத்தார். அதன் தலையில், ‘சென்று பார்த்த நாள்’ என்று எழுதினார். முதல் தேதியை எழுதியவரும் அவரே.

வளர்க ஜினதர்மம்.